குத்தகை எழுத்தில் இருக்கட்டும்

நம் சங்கக் குடும்பங்களில் சிலருக்குக் காவிரிப் பாசனப் பகுதியில் இரண்டு மா, மூன்று மா என்று பூர்வீக நிலம் இன்னும் இருக்கிறது. பயிர் செய்கிறவர் வேறொருவர். பெரும்பாலும் வாய்ப்பேச்சுக் குத்தகைதான். ‘எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும்’ என்ற அச்சமே காரணம். இந்த அச்சத்தைச் சற்று ஆராய வேண்டும்.

சட்டத்துக்குக் குறைவில்லை. தஞ்சை ஜில்லாவில் மிராசுதார் நினைத்தால் வாரதாரரை வெளியேற்றலாம் என்றிருந்த நிலையை மாற்ற, 1952-ல் ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. 1955-ல் குத்தகைச் சாகுபடியாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956-ல் வந்த நியாயக் குத்தகைச் சட்டம், நஞ்சை நிலத்துக்கு விளைச்சலில் 40 சதவீதம் என்று வரம்பு கட்டியது. பின்னர் அது 25 சதவீதமாகக் குறைந்தது. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969-ல் தனிச்சட்டமும் வந்தது. ஆனால் பெயர் பதிவாகாத குத்தகைதாரருக்கு இவற்றால் என்ன பயன்? தாம்தான் உழுதவர் என்று நிரூபிக்கவே அவரிடம் காகிதம் இல்லையே!

நாம் வாழும் வங்காளத்தைப் பாருங்கள். இங்கும் சட்டம் முன்பே இருந்தது. 1978-ல் தொடங்கிய ‘ஆபரேஷன் பர்கா’வில்தான் அதிகாரிகள் கிராமத்துக்கே போய், ஊரார் முன்னிலையில் பங்குச் சாகுபடியாளர் பெயர்களை எழுதினார்கள். சுமார் 14 லட்சம் பேர் பதிவானார்கள். 1980-களின் தொடக்கத்தில் நான் கரக்பூருக்கு வேலைக்கு வந்தபோது, எங்கள் கலாசிகள் பலர் வீட்டில் இதே பேச்சுத்தான். வெளியேற்றும் பயம் நீங்கியது. நிலத்தின் உரிமை மட்டும் உடையவரிடமே இருந்தது.

தமிழ்நாட்டிலும் பெயர் பதிவாவதால் நிலம் குத்தகைதாரருக்குச் சொந்தமாகிவிடாது. குத்தகை செலுத்தத் தவறினால் அவரை வெளியேற்றச் சட்டத்தில் வழி உண்டு. எழுத்து இல்லாவிட்டால் இழப்பு அவருக்குத்தான். வெள்ளத்தில் பயிர் அழுகினால் நிவாரணம், பயிர்க் காப்பீடு, கூட்டுறவுச் சங்கக் கடன் எல்லாவற்றுக்கும் காகிதம் கேட்பார்கள். சேற்றில் இறங்கியவர் வெறுங்கையோடு நிற்பார்.

ரயில்வேயில் ஒரு பாலத்தைச் சோதித்தால் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும், வாய்ச்சொல் செல்லாது. ஒரு குடும்பத்தின் சோறு அதைவிடச் சிறிய விஷயமா?

இவ்வருடம் ஊருக்குப் போகும் அன்பர்கள் குத்தகையை எழுதிக் கையெழுத்திட்டு, பெற்ற நெல்லுக்கும் பணத்துக்கும் ரசீது கொடுத்து, குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய ஒத்துழைக்க வேண்டும் என்பதே என் தாழ்மையான வேண்டுகோள்.