கிள்ளானில் ஐஸ் கொட்டுகிறது

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. முந்தின நாளிலிருந்து விடாத மழை. காலை பதினொரு மணி இருக்கும். மாமா எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டார். நான் நடத்தும் வானிலை இணையத்தளத்தின் முகப்பு அது. மேலே பெரிதாக ஒரு படம்: ஒரு மரவீடு, கூரைமேல் ஒரு முழத்துக்கு வெண்பனி, பின்னால் பைன் மரங்கள். அதற்குக் கீழே ‘கிள்ளான், சிலாங்கூர்’ என்ற எழுத்து. “டேய், கிள்ளான்ல ஐஸு கொட்டுதாம். ஸ்வெட்டர் போட்டுக்கோ” என்று எழுதியிருந்தார். அத்தை சிரிக்கும் முகம் போட்டார். நானும் ஒன்று போட்டேன்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டை இன்னும் வைத்திருக்கிறேன். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் மழைமானியின் அளவு இருக்கிறது. மூன்று இலக்கம். அப்போதுதான் இன்ஜினியரிங் முடித்திருந்தேன். அந்த மழைமானியை வீட்டுக் கூரைமேல் ஏறி என் கையால் திருகி மாட்டியவன் நான். அந்த எண்ணை நானே பார்க்கவில்லை. பனியைத்தான் பார்த்தேன்.

மாமாவின் வீடு ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில். அங்கே அந்த இரண்டு நாளில் என்ன நடந்தது என்று மலேசியாவில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மாமாவும் அத்தையும் அன்றிரவு பக்கத்து வீட்டு மாடியில் இருந்தார்கள். கார், வீட்டுப் பத்திரம், என் அம்மாவின் கல்யாண ஆல்பம் எல்லாம் தண்ணீருக்குள். படம் சரியாக இருந்திருந்தால் மாமா காரையாவது காப்பாற்றியிருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அரசாங்கமே தடுமாறிய வெள்ளம் அது. நான் கேட்பது வேறு. மழை கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில் என் தளம் ஏன் பனியைக் காட்டியது? அதைப் பார்த்து நாங்கள் அத்தனை பேரும் ஏன் சிரித்தோம்?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். வீட்டில் சொந்தமாக வானிலைக் கருவி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தளத்தைத் தாங்களே எழுதுவதில்லை. யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த வார்ப்புரு ஒன்றை இறக்கி, ஊர்ப்பெயரை மாற்றிவிட்டு ஓட்டுவார்கள். நானும் அப்படித்தான். அதில் பருவத்துக்கு ஏற்ப முகப்புப் படம் தானாக மாறும் வசதி இருந்தது. நாலைந்து வரி நிரல்தான். சர்வரிடம் இன்று எத்தனையாவது மாதம் என்று கேட்கும். 12, 1, 2 என்றால் ‘விண்டர்’ என்ற கோப்புறையிலிருந்து ஒரு படம். 3, 4, 5 என்றால் ‘ஸ்பிரிங்’. பிறகு ‘சம்மர்’, பிறகு ‘ஆட்டம்’. மார்ச் முதல் தேதியில் வசந்தத்தைத் தொடங்குவது மிதவெப்ப நாடுகளின் வானிலையாளர்கள் கணக்கு வசதிக்காக வைத்துக்கொண்ட ஏற்பாடு. அந்த நாடுகளிலேயே மார்ச் முதல் தேதி பூ பூத்துவிடும் என்று யாரும் சத்தியம் செய்வதில்லை. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. என் சர்வர் கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்ததால், கிள்ளானில் பனிக்காலம் டிசம்பர் முதல் தேதி சரியாகக் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தது.

அமைப்புப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: வட அரைக்கோளமா, தென் அரைக்கோளமா? ‘தெற்கு’ என்று தட்டினால் பருவங்களைத் தலைகீழாக மாற்றும். மூன்றாவது பெட்டி கிடையாது. கிள்ளான் மூன்று பாகை வடக்கில் இருக்கிறது. ஆகவே ‘வடக்கு’ என்று தட்டினேன். பொய் சொல்லவில்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்குப் பருவம் உண்டா, உண்டென்றால் எது என்று அதை எழுதியவர் யோசிக்கவில்லை. ஆனால் அவரை நான் திட்டப் போவதில்லை. அவர் தன் ஜன்னலுக்கு வெளியே பார்த்து எழுதினார். நான் என் ஜன்னலைப் பார்க்காமல் அதை வாங்கி மாட்டினேன்.

நம் ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது? பெரும்பாலான இடங்களில் மாதத்துக்கு மாதம் சராசரி வெப்பம் இரண்டு பாகைகூட மாறாது. வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே இருபது நிமிடம்தான் வித்தியாசம். இதை வைத்துக்கொண்டு “நமக்குப் பருவமே இல்லை, வருஷம் முழுக்க வெயில்தான்” என்று சொல்பவர்கள் உண்டு. தவறு. நம் பருவம் வெப்பத்தில் இல்லை, காற்றில் இருக்கிறது. ‘மான்சூன்’ என்ற சொல்லே பருவம் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நவம்பர் வாக்கில் வடகிழக்குக் காற்று, மே கடைசியிலிருந்து தென்மேற்குக் காற்று, நடுவே இரண்டு இடைப்பருவங்கள். எங்கள் மேற்குக் கரையில் பேய்மழை பெய்வது பெரும்பாலும் அந்த இடைப்பருவ மாலைகளில்தான். மதியம் மூன்று மணிக்குக் கறுத்து, நாலு மணிக்கு இடித்து, ஆறு மணிக்குச் சாலையில் தண்ணீர். வடகிழக்குப் பருவமழையைத் தித்திவங்சா மலைத்தொடர் மறித்துவிடும் என்பதால் டிசம்பர் வெள்ளம் என்றாலே அது கிளந்தான்காரன் கவலை, திரங்கானுக்காரன் கவலை என்று இருந்துவிட்டோம். 2021-இல் தென்சீனக் கடல் பக்கமிருந்து வந்த காற்றழுத்தத் தாழ்வு தீபகற்பத்தைக் கடந்தே வந்தது. முக்கியமான இன்னொன்று: வானிலை ஆய்வுத் துறை ஒவ்வொரு வருடமும் காற்றைப் பார்த்துத்தான் பருவம் தொடங்கிவிட்டது என்று அறிவிக்கிறது. வருடத்துக்கு வருடம் அந்தத் தேதி மாறும். மாத எண்ணை மட்டும் பார்க்கும் நிரலால் அதை ஒருநாளும் பிடிக்க முடியாது.

இலக்கிய நண்பர் ஒருவரிடம் இதைப் புலம்பினேன். “அதான் நம்மகிட்ட ஆறு பெரும்பொழுது இருக்கே, கார், கூதிர், முன்பனி, பின்பனின்னு. அதைப் போடேன். வெள்ளைக்காரன் நாலு எதுக்கு?” என்றார். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. உட்கார்ந்து தேதியைப் பொருத்திப் பார்த்தேன். கார்காலம் ஆவணியும் புரட்டாசியும். அதாவது ஆகஸ்டு நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. கிள்ளானில் அது எந்தக் காலம்? பல வருடங்களில் அது புகைமூட்டக் காலம். 2015-இலும் 2019-இலும் அந்த மாதங்களில்தான் பள்ளிகளை மூடினார்கள். முகப்பில் கார்மேகம் காட்டிக்கொண்டு இருப்பேன், வெளியே சுமத்ரா பக்கமிருந்து வந்த புகையில் எதிர்வீடு தெரியாது. முன்பனிக்கு மார்கழியும் தையும். அதுதான் மாமா வீட்டுக்குள் தண்ணீர் வந்த மாதம். வெண்பனியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் முன்பனியை வைத்தால் தமிழ்ப்பற்று நிறைவேறும். தளம் பொய் சொல்வது நிற்காது. அந்த ஆறு பொழுதும் ஒரு நிலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் வகுத்தவை. பார்த்து வகுத்தார்கள் என்பதுதான் அதில் எனக்குப் பெருமை. பட்டியலை அப்படியே தூக்கிவந்து இங்கே ஒட்டுவதில் என்ன பெருமை?

இப்போது சிரித்தோமே, அந்த விஷயம். இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. 2015-இல் நான் படிவம் ஐந்து. புகைமூட்டத்தால் பள்ளி மூடியிருந்த நாட்களில் வீட்டில் உட்கார்ந்து பள்ளி இதழுக்கு ஒரு கவிதை எழுதினேன். தலைப்பு ‘இலையுதிர் காலம்’. செந்நிற இலைகள், குளிர்காற்று, தனிமையான பூங்கா இருக்கை எல்லாம் அதில் இருந்தன. மாஸ்க் போட்டுக்கொண்டு எழுதிய கவிதையில் புகையைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆசிரியர் பாராட்டினார். பரிசுகூடக் கிடைத்தது. என் மூளையிலும் அதே நாலு வரி நிரல்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நம் இளம் எழுத்தாளர்களின் கவிதைகளை இன்றும் எடுத்துப் பாருங்கள். காதல் வந்தால் வசந்தம் வரும், பிரிந்தால் இலை உதிரும், மனம் இறுகினால் பனி உறையும். நாலு கோப்புறை. இது உருவகம்தானே என்பீர்கள். என் தளத்தில் இருந்ததும் வெறும் அலங்காரம்தான். கண் முதலில் அங்கேதான் போனது, எண்ணிடம் போகவில்லை.

இதில் பெரிய வேடிக்கை, நமக்கு நிஜமாகவே ஓர் இலையுதிர் காலம் இருந்தது. என் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். “தைப்பூசம் முடிஞ்சா எல கொட்ட ஆரம்பிச்சிரும். காடே மொட்டையா நிக்கும். மரம் பால் தராது. கைக்காசு கொறஞ்சிரும். அப்புறம் செம்பு மாதிரி புது எல வரும் பாரு” என்பார். அவர் சொல்வது பருவம் மட்டுமல்ல, சம்பளச் சீட்டும்தான். காலையில் மழை பெய்தால் பட்டை நனைந்து பால் வழிந்துவிடும், மங்கில் தண்ணீர் சேரும், அன்றைக்கு வெட்டு இல்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போது தலையில் விழுவதுதான் அவருக்குப் பனி. என் தளத்தின் படத்தைக் காட்டியபோது, “இது பனியா? இது ஐஸுப் பெட்டிக்குள்ள இருக்கிறதுல்ல?” என்றார். பரிசு வாங்கிய என் கவிதையில் இந்தப் பாட்டி இல்லை. அவர் வீட்டிலேயேதான் இருந்தார், நான் கேட்கவில்லை.

வெள்ளம் வடிந்து மாமா வீட்டுச் சேற்றை வழித்த பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து அந்த நிரலை அழித்தேன். இப்போது படத்தை முடிவு செய்வது மாத எண் அல்ல, கூரைமேல் இருக்கும் கருவி. கடந்த ஒரு மணி நேரத்தில் பத்து மில்லிமீட்டருக்குமேல் மழை பதிவானால் எங்கள் வீதி மழையில் நிற்கும் படம் வரும், நானே எடுத்தது. நுண்துகள் உணர்வி ஒன்று வாங்கி மாட்டினேன். அது ஏறினால் புகைக்குள் மங்கிய எதிர்வீடு வரும். இருபத்து நாலு மணி நேரத்தில் நூறு மில்லிமீட்டரைத் தாண்டினால் படமே வராது. எண் மட்டும், திரை முழுக்கச் சிவப்பில். “தளம் அசிங்கமா இருக்குடா” என்று உடன் வேலை செய்யும் நண்பன் சொன்னான். இருக்கட்டும்.

காற்று மாறும் காலத்தை மட்டும் வானிலைத் துறை அறிவித்த பிறகு நானே கையால் மாற்றுகிறேன். தானாக நடக்க வேண்டிய வேலையைக் கையால் செய்கிறாயே, நீ என்ன இன்ஜினியர் என்று கேட்கலாம். கருவிக்குத் தெரிந்ததைக் கருவி முடிவு செய்யட்டும். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டும் தானியங்கியைத்தான் ஒருமுறை பார்த்துவிட்டேனே.

ஒரு கோப்புறை இன்னும் காலியாக இருக்கிறது. ‘எலகொட்டு’ என்று பெயர் வைத்திருக்கிறேன், பாட்டியின் சொல். போன பிப்ரவரியில் படம் எடுக்கக் கேரித் தீவு பக்கம் போனேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை எண்ணெய்ப்பனைதான். பனை எங்கே இலை கொட்டப் போகிறது? வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னேன். அவர் வேலை செய்த தோட்டத்தையும் பனைக்கு மாற்றி ரொம்ப வருடமாகிறது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கெடாவில் கூலிம் பக்கம் தன் தங்கை மகன் சொந்தமாக இரண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருப்பதாகச் சொன்னார். தைப்பூசம் முடிந்ததும் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். சீக்கிரமே போனால் இலை மரத்தில்தான் இருக்குமாம்.