துண்டேந்துவதா தவக்குல்?

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் துண்டு விரிக்கப்படுகிறது. மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரருக்கு இருதய அறுவைச் சிகிச்சை என்றும், தாராளமாக உதவுமாறும் மைக்கில் அறிவிக்கப்படுகிறது. நாமும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வீடு திரும்புகிறோம். மருத்துவக் காப்பீடு எடுப்பது தவக்குல் இல்லாதவரின் செயல் என்று அதே மிம்பரில் சில வாரங்களுக்கு முன்னர் பயான் செய்யப்பட்டதை அப்போது எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

மதரஸாவில் பாடம் நடத்துகிறவர் என்ற முறையில் சொல்கிறோம்: மார்க்க அறிஞர்கள் காப்பீட்டை மறுத்தது தவக்குலுக்கு முரண் என்பதற்காக அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு பொறுப்பை அல்லாஹ்விடம் ஒப்படைக்கச் சொன்ன மார்க்கம் இது. கொள்ளைநோய் பரவிய ஷாம் தேசத்துக்குள் நுழையாமல் திரும்பிவந்த உமர் (ரலி) அவர்களின் ஈமானை யார் குறை கூற முடியும்?

தடைக்கான காரணம் ஒப்பந்தத்தின் தன்மையில் உள்ளது. கட்டிய பணத்துக்கு ஈடாக எதுவும் கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்று தெரியாத ஃகரர் ஒன்று. அப்பணத்தை நிறுவனம் வட்டியில் ஈடுபடுத்துவது மற்றொன்று. டமாஸ்கஸின் இப்னு ஆபிதீன் (ரஹ்) 19ஆம் நூற்றாண்டிலேயே கடல் வாணிபக் காப்பீட்டை ஆராய்ந்து மறுத்தார். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் நிலையான பிரீமியம் கொண்ட வணிகக் காப்பீடு கூடாது என்றது. முஸ்தஃபா அஸ்ஸர்கா போன்ற சிலர் கூடும் என்றனர். நாம் பெரும்பான்மையோர் கருத்தையே ஏற்கிறோம். ஆனால் அகாடமியின் அதே தீர்மானம், பரஸ்பர உதவியை அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்றும், அதை நிறுவ முயலுங்கள் என்றும் கூறியது. முதல் பாதி நம் மிம்பர்களுக்கு வந்து சேர்ந்தது. இரண்டாம் பாதி எங்கே போயிற்று?

மலேசியா 1984இல் தகாஃபுல் சட்டம் இயற்றியது. பக்கத்து இலங்கையில் அமானா தகாஃபுல் 1999இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் அப்படியொரு நிறுவனம் இல்லை. ஆக, நம் குடும்பங்களின் முன் இருப்பவை வணிகப் பாலிசி, கடன், துண்டு ஆகிய மூன்றே. கடன் என்றால் பெரும்பாலும் நகையை வைத்து வட்டிக்கு வாங்குவதுதான். பாலிசியில் வட்டி கலந்திருக்கிறது என்று ஒதுங்கியவர், ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டு நேரடியாகவே வட்டிக்குக் கையெழுத்திடுகிறார். இதற்குப் பேணுதல் என்று பெயரா?

ஆகவே, தம் நிர்ப்பந்தத்தை உணர்ந்து, தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுப் பாலிசி எடுப்பவரைப் பழிக்காதீர்கள். எடுப்பவரிடமும் நமக்கு ஒரு வழக்கு உண்டு. விண்ணப்பத்தில் சர்க்கரை நோய் உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்று கேட்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர் கூசாமல் "இல்லை" என்று எழுதுகிறார். முகவர் அப்படித்தான் எழுதச் சொன்னாராம். (அந்த முகவரும் பல வேளைகளில் முன் ஸஃப்பில் நிற்கும் நம் சகோதரரே.) ஃகரருக்கு அஞ்சியவர் பொய்க்கு அஞ்சவில்லை! தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மறைத்து வைத்த ஈரத்தை வெளிப்படுத்திக் கண்டித்த நபி (ஸல்) அவர்களின் செய்தி மக்தப் பிள்ளைக்கும் தெரியுமே.

உலகக் கணக்கிலும் அது நட்டமே. மெய்யைச் சொன்னவருக்கு, முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 36 மாதங்கள். மறைத்தவரின் கிளெய்மை முதல் 60 மாதங்களுக்குள் மறுக்கலாம், பாலிசியையே ரத்து செய்யலாம். மோசடி என்று நிரூபித்தால் அதன் பிறகும் மறுக்கலாம்.

ஃகரர் என்று பேசிக்கொண்டே ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவது இன்னொரு விந்தை. அறை வாடகை நாளொன்றுக்கு 3,000 ரூபாய் என்று வரம்பிட்ட பாலிசியை வைத்துக்கொண்டு 6,000 ரூபாய் அறையில் சேர்ந்தால், வாடகை மட்டுமன்று, மருத்துவர் கட்டணமும் அறுவைச் சிகிச்சைக் கட்டணமும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டப்படக்கூடும். பில்லில் இத்தனை விழுக்காட்டை நோயாளியே ஏற்க வேண்டும் என்ற கோ-பேமென்ட் நிபந்தனையும் இருக்கலாம். பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. அந்த நாட்களிலாவது அதைப் படியுங்கள்.

துண்டு விரிக்கப்பட்ட அந்தச் சகோதரரிடம் திரும்புவோம். அவர் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கும் குறைவு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தகுதியுடையவர். பிரீமியம் அரசு செலுத்துவது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. வருமானச் சான்றிதழும் குடும்ப அட்டையும் கொண்டு பதிவு செய்திருந்தால் போதும். ஜமாஅத் நிர்வாகத்தில் ஒருவரும் அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் மகன் நம் மதரஸாவில்தான் ஓதுகிறான், நாமும் சொல்லவில்லை.

உணவு குறைந்த வேளையில் தம்மிடம் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட அஷ்அரீ குலத்தாரை நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். அதுவும் விரித்த துணிதான். ஆனால் அங்கே எவரும் கையேந்தி நிற்கவில்லை. ஒரு மஹல்லாவில் 300 குடும்பங்கள் மாதம் 200 ரூபாய் தபர்ருஉ நிய்யத்தில் கொடுத்தால் ஆண்டுக்கு 7,20,000 ரூபாய் சேரும். இரண்டொரு பெரிய அறுவைச் சிகிச்சைக்கு மேல் அது தாங்காது என்பது நமக்கும் தெரியும். பத்து மஹல்லாக்கள் இணைந்தால் தாங்கும். இதை மஷூராவில் வைக்கும்படி நம் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இரண்டாவது மினாராவுக்கு வசூல் நடப்பதால் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள்.