சோறு வைக்கிற கை தடவியும் பார்க்கட்டும்

எங்க வீட்டு நாய் பேரு சின்னி. 11 வயசு, நாட்டு நாய், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். நான் அஞ்சாவது படிக்கும்போது மணலூர்பேட்டை ஆத்தோரமா யாரோ விட்டுட்டுப் போன குட்டி. பொட்டைக் குட்டின்னா எங்க ஊர்ல அப்படித்தான். ஒண்ணு ஆத்தங்கரை, இல்லைன்னா பஸ் ஸ்டாண்டு.

தை 5 ஆத்துத் திருவிழாவுக்கு அண்ணாமலையார் தென்பெண்ணையில தீர்த்தவாரிக்கு வருவார். வெடிச்சத்தம் கேட்டா சின்னி கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கும். இந்த வருஷம் அதை வெளிய இழுக்கும்போதுதான் விலா மேல எலுமிச்சம்பழம் சைஸுக்கு ஒரு கட்டி கையில பட்டுச்சு. பயந்துபோய் உடம்பு முழுக்கத் தடவினேன். பின்னங்கால் பக்கம், கடைசிக் காம்புக்கு அடியில, சுண்டைக்காய் மாதிரி கெட்டியா இன்னொண்ணு.

அம்மா, "பெருசுதானே? அது ஆடி மாசத்துல இருந்தே இருக்குடா"ன்னாங்க. அப்பா, "வயசான நாய்க்கு அதெல்லாம் வரும்." பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "சுண்ணாம்பும் மஞ்சளும் குழைச்சுப் போடு." நான் போன்ல தேடி அஞ்சு நிமிஷத்துல கேன்சர்னு முடிவே கட்டிட்டேன். நாலு பேரும் பண்ணது ஒரே தப்பு. டெஸ்ட் பண்ணாமலே கட்டிக்குப் பேரு வச்சோம்.

நாம இன்ஜினியரிங் பசங்க. ஒரு வெல்டிங் ஜாயின்டைத் தடவிப் பார்த்து "உள்ள கிராக் இல்ல"ன்னு கையெழுத்துப் போடுவோமா? கட்டியும் அப்படித்தான். வயசான நாய்க்கு லைப்போமான்னு சொல்ற கொழுப்புக் கட்டி ரொம்ப சகஜம். மெத்துன்னு இருக்கும், தோலுக்கு அடியில நழுவும், பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது. ஆனா மாஸ்ட் செல் கட்டின்னு ஒரு தோல் புற்றுநோய் இருக்கு. அதுவும் சில நேரம் அதே மாதிரி மெத்துன்னுதான் இருக்கும். ஒரு நாள் வீங்கும், மறுநாள் வடியும். நாமளும் "குறைஞ்சிடுச்சு"ன்னு விட்டுடுவோம். அதைப் பிசைஞ்சா உள்ள இருக்கிற ஹிஸ்டமின் வெளிய வந்து சுத்திலும் சிவந்து வீங்கும். அதனால கட்டியைப் பிதுக்குற வேலையே வேணாம்.

கை கட்டியைக் கண்டுபிடிக்கும், அவ்வளவுதான். அது என்னன்னு சொல்ல ஊசி வேணும். சாதாரண ஊசியைக் கட்டிக்குள்ள விட்டு, வர்ற செல்லைக் கண்ணாடி ஸ்லைடுல தட்டி, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல பார்க்குறாங்க. பெரும்பாலும் மயக்க மருந்துகூட வேண்டாம். சில நேரம் தெளிவா தெரியாது, அப்போ சதை எடுத்துப் பார்க்கணும். சூ எட்டிங்கர்னு ஒரு அமெரிக்க நாய் கேன்சர் டாக்டர் இதுக்கு ஒரு சுலபமான விதி சொல்றாங்க: கட்டி பட்டாணி அளவு இருந்து, ஒரு மாசமாவும் இருந்தா, ஊசி போட்டுப் பாரு. எங்க பெரிய கட்டி ஆடியில இருந்து தை வரைக்கும் காத்திருந்திருக்கு.

டி.வி.எஸ். எக்ஸெல் முன்னாடி சாக்கு விரிச்சு, சின்னியை உட்கார வச்சுத் திருவண்ணாமலை போனோம். பஸ்ல யாரு ஏத்துவாங்க? நாங்க பயந்த பெரிய கட்டியில வந்தது வெறும் கொழுப்பு. "வளருதான்னு மட்டும் பாருங்க"ன்னார் டாக்டர். சின்னதைத் தொட்டதும் அவர் பேச்சைக் குறைச்சுட்டார். பால் சுரப்பிக் கட்டி. கருத்தடை செய்யாத பொட்டை நாய்களுக்கு ரொம்ப அதிகமா வர்ற கட்டி இது. ஏறக்குறைய பாதி கெட்ட கட்டியா இருக்குமாம். நுரையீரலுக்குப் பரவும்ங்கிறதால முதல்ல நெஞ்சு எக்ஸ்ரே. அது சுத்தமா இருந்தது. இந்தக் கட்டியில சைஸ் முக்கியம், 3 சென்டிமீட்டருக்குள்ள இருக்கும்போதே எடுத்தா பிழைக்கிற வாய்ப்பு நல்லா இருக்கும். ஆபரேஷன் பண்ணி, கட்டியை லேபுக்கு அனுப்பினாங்க. கெட்டதுதான், ஆனா ஓரம் சுத்தமா வந்திருக்குன்னு ரிப்போர்ட்.

1969ல அமெரிக்காவுல ஷ்னைடர் குழு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கருத்தடையே செய்யாத நாய்க்கு இருக்கிற ஆபத்தை 100ன்னு வச்சா, முதல் பருவத்துக்கு முன்னாடி கருத்தடை செஞ்ச நாய்க்கு 0.5, ஒரு பருவம் கழிச்சுன்னா 8, ரெண்டு பருவத்துக்கு மேல போனா 26. அந்த ஆதாரம் அவ்வளவு பலமில்லைன்னு பின்னாடி வந்தவங்க சொல்றாங்க, அந்த விவாதம் நடக்கட்டும். எங்க வீட்டுல இந்தப் பேச்சே வந்ததில்ல. சின்னி போட்ட குட்டிங்களை எங்க விட்டோம்னு இங்க எழுத எனக்கு வெட்கமா இருக்கு.

"மனுஷனுக்கே ஸ்கேன் எடுக்கக் காசில்ல, நாய்க்கா?"ன்னு அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா ஊசி டெஸ்டுக்கு ஆன செலவு என் புராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங் செலவை விடக் கம்மி. அந்த ஊசிதான் பெரிய கட்டிக்கு ஒரு வெட்டி ஆபரேஷனையும் மிச்சம் பண்ணுச்சு. உள்ளூர்ல முடியலைன்னா நாமக்கல், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிங்க இருக்கு.

உண்மையில காசை விடப் பெரிய தடை வேற. எங்க ஊர்ல நாய்க்குச் சோறு உண்டு, பேரு உண்டு, ஆனா தொடுற வழக்கம் இல்ல. ஹாஸ்டல்ல இருந்து ரீல்ஸ் போடுற நாமளும் தலையை மட்டும்தான் தடவுறோம். அடுத்த தடவை ஊருக்குப் போனா தாடைக்கு அடியில, தோளுக்கு முன்னாடி, அக்குள், தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்னாடி, அடிவயித்துக் காம்பு வரிசை எல்லாத்தையும் தடவிப் பாருங்க. ஆண் நாய்க்கும் காம்பு உண்டு, பதறாதீங்க. சின்ன வயசுல நான் சின்னியோட காம்பை உண்ணின்னு நெனச்சுப் பிடுங்கப் போனேன். அது உறுமின உறுமல்ல விட்டவன்தான்.

இப்போ ஞாயித்துக்கிழமை ஆனா அம்மா வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புறாங்க. விலாக் கட்டி, பக்கத்துல அளவுக்கு ஒரு பத்து ரூபா காயின். குறுக்களவு 27 மில்லிமீட்டர், கடையிலதான் வாங்க மாட்டேங்குறாங்க, இதுக்காவது ஆகுது. போன வாரப் போட்டோவுல காயினைப் பிடிச்சிருந்தது அப்பாவோட கை.