சுவிட்ச் பாக்ஸ் சின்னதாகப் போனால் என்ன ஆபத்து?

டைல்ஸ் நிறத்துக்காக நாலு கடை ஏறி இறங்குபவர்கள்கூட, சுவிட்சுக்குப் பின்னால் சுவருக்குள் புதையும் பாக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. ‘எலெக்ட்ரீஷியன் பார்த்துக்குவார்’ என்று விட்டுவிடுகிறார்கள். அவரோ கடையில் கிடைத்ததை, அல்லது மேஸ்திரி வாங்கி வைத்ததைப் பதிக்கிறார். பூச்சு முடிந்து பெயின்ட்டும் அடித்த பிறகு, ஏழெட்டு ஒயர்களை அந்தச் சின்னப் பெட்டிக்குள் அமுக்கி ஸ்க்ரூவை முடுக்குவதுதான் ஒரே வழி. வெளியே பார்க்க பளிச்சென்று இருக்கும். ஆபத்து உள்ளே இருக்கிறது.

எம்.சி.பி. இருக்கிறதே, போதாதா?

போதாது. ஒயர்களை நெருக்கித் தள்ளும்போது மூன்று விஷயங்கள் நடக்கலாம். சுவிட்ச், சாக்கெட்டின் பின்புற முனையில் முடுக்கிய ஒயர் இழுபட்டுத் தளரும். மடங்கிய இடத்தில் ஒயரின் மேலுறை நசுங்கும். பாக்ஸ் ஓட்டையின் தகர விளிம்பு உறையைக் கிழிக்கும்.

இதில் மிக மோசமானது தளர்ந்த முனை. 3 கிலோவாட் கீசர் ஒன்று 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். தளர்ந்த முனையில் 0.1 ஓம் அளவுக்கு மின்தடை கூடினாலே, அந்த ஒரு புள்ளியில் ஏறத்தாழ 17 வாட் வெப்பம் உண்டாகும். சின்ன சால்டரிங் அயர்னின் சூடு அது. காற்றுக்கு இடமில்லாத பெட்டியில் இந்தச் சூடு வெளியேற வழியில்லை. பிளாஸ்டிக் இளகும், கருகும், பிறகு பற்றிக்கொள்ளும்.

இந்த நேரம் முழுவதும் எம்.சி.பி. விழாது. ஏனென்றால் ஓடுவது அதே 13 ஆம்பியர்தான். அளவுக்கு மீறினால்தான் அது விழும். மின்கசிவைக் கண்டுபிடிக்கும் ஆர்.சி.சி.பி.யும் விழாது, இங்கே கசிவே இல்லை. அதனால் இந்த ஒரு ஆபத்துக்குப் பாதுகாப்பு, இடம் விட்டு ஒயர் போடுவதும் முனைகளைச் சரியாக முடுக்குவதும்தான்.

அளவை எப்படிக் கணக்கிடுவது?

நம் ஊரில் பாக்ஸை மாட்யூல் கணக்கில் வாங்குகிறோம்: 3 மாட்யூல், 6 மாட்யூல், 8 மாட்யூல் என்று. இது முகப்பில் எத்தனை சுவிட்ச் பொருந்தும் என்பதைத்தான் சொல்லும். பின்னால் எத்தனை ஒயர் அடங்கும் என்பதைச் சொல்லாது.

அமெரிக்க மின் விதித்தொகுப்பில் இதற்கென்று தனிக் கணக்கே உண்டு. அங்கே வீடுகளில் பயன்படும் 12ஆம் எண் ஒயர் (சுமார் 3.3 சதுர மி.மீ.) ஒவ்வொன்றுக்கும் 2.25 கன அங்குலம், அதாவது சுமார் 37 கன செ.மீ. இடம் ஒதுக்க வேண்டும். சுவிட்ச் அல்லது சாக்கெட் பொருந்திய சட்டத்துக்கு இரண்டு ஒயரின் இடம். எர்த் ஒயர்கள் நான்கு வரை இருந்தாலும், எல்லாம் சேர்ந்து ஒன்று. நம் 2.5 சதுர மி.மீ. ஒயருக்கு இதையே வைத்துக் கணக்கிட்டால் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும்.

ஒரு 16 ஆம்பியர் சாக்கெட்டையும் அதன் சுவிட்சையும் எடுத்துக்கொள்வோம். பாக்ஸின் உள்ளளவு 9 செ.மீ. நீளம், 6.5 செ.மீ. உயரம், 4 செ.மீ. ஆழம் என்றால், கொள்ளளவு 234 கன செ.மீ.

டி.பி.யிலிருந்து நேராகத் தனி லைன் வந்தால்: பேஸ் 1, நியூட்ரல் 1, எர்த் 1, சட்டத்துக்கு 2. மொத்தம் 5 பங்கு, 185 கன செ.மீ. தாராளமாக அடங்கும்.

அதே பாக்ஸிலிருந்து அடுத்த சாக்கெட்டுக்கு லூப் எடுத்தால்: பேஸ் 2, நியூட்ரல் 2, எர்த் 1, சட்டத்துக்கு 2. மொத்தம் 7 பங்கு, 259 கன செ.மீ. அடங்காது.

ஆழத்தை 5 செ.மீ. ஆக்கினால் கொள்ளளவு 292 ஆகிவிடும். லூப்பும் சேர்ந்து அடங்கும். ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம்.

சுவர் இடம் கொடுக்குமா?

நாலரை அங்குலச் சுவரில் ஆழமான பாக்ஸ் வைக்க முடியாது என்று கொத்தனார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரே இடத்தில் இரு பக்கமும் பாக்ஸ் வந்தால் சுவரே ஓட்டையாகிவிடும். அங்கே ஆழத்துக்குப் பதில் நீளத்தைக் கூட்டலாம். 3 மாட்யூல் தேவைப்படும் இடத்தில் 4 அல்லது 6 மாட்யூல் பாக்ஸ் வைத்து, மீதியை வெற்றுத் தகட்டால் மூடலாம். இரு அறைகளின் பாக்ஸ்களையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி அமைக்கலாம்.

ஃபேன் ரெகுலேட்டர், யு.எஸ்.பி. சார்ஜர் போன்றவை சாதாரண சுவிட்சைவிட அதிக ஆழம் பிடிக்கும். இப்போது பலர் பழைய சுவிட்சுக்குப் பின்னால் வைஃபை மாட்யூல் செருகுகிறார்கள். ஏற்கெனவே நிரம்பிய பெட்டியில் இதைத் திணிப்பது தெரிந்தே ஆபத்தை வாங்குவது.

ஏற்கெனவே கட்டிய வீட்டில்?

சுவிட்ச் தகடு தொட்டால் சூடாக இருப்பது, மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிறம் மாறுவது, கருகல் வாடை, ‘சர்ர்’ என்ற சத்தம் ஆகியவை எச்சரிக்கை மணி. அந்த சாக்கெட்டைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்தி, உரிமம் பெற்ற கம்பியாளரை அழைக்க வேண்டும். மெயினை அணைத்து, டெஸ்டரால் உறுதி செய்த பிறகே தகட்டைக் கழற்ற வேண்டும். கருகிய சாக்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு அதே நெருக்கடியில் மறுபடி அமுக்கினால், அதே கதை மறுபடி நடக்கும். லூப்பைப் பிரித்து வேறு ஜங்ஷன் பாக்ஸுக்கு மாற்றுவதோ, பெரிய பாக்ஸ் வைப்பதோதான் தீர்வு. தகர பாக்ஸ் என்றால் அதற்கு எர்த் இணைப்பும், ஓட்டையில் ரப்பர் புஷ்ஷும் அவசியம்.

யார் பொறுப்பு?

பழியை எலெக்ட்ரீஷியன் மீது மட்டும் போடுவது சரியல்ல. பாயிண்ட் கணக்கில் கூலி பேசும் இடத்தில், பெரிய பாக்ஸுக்காகக் கூடுதலாகக் காடி வெட்டினால் அவருக்கு ஒரு ரூபாயும் கூடுவதில்லை. ஒயர் பிராண்டையும் சுவிட்ச் பிராண்டையும் எழுதிக் கேட்கும் வீட்டுக்காரர், எந்த இடத்தில் எத்தனை ஒயர், எந்த அளவு பாக்ஸ், எவ்வளவு ஆழம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி, அதற்குரிய கூலியையும் கொடுக்க வேண்டும். மொத்தச் செலவில் பாக்ஸின் பங்கு மிகச் சிறியது. ஆனால் பூச்சுக்குப் பிறகு மாற்றுவதற்கு மிகக் கடினமானதும் அதுதான். காடி வெட்டுவதற்கு முன்பே இந்தப் பேச்சை முடித்துவிட வேண்டும்.