பையில் இல்லாத ஊசி

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை ஊன்றத் தொடங்கியதும், பெரம்பலூர் ஜில்லாவின் பருத்தி, மக்காச்சோளக் காடுகளை அடுத்த ஊர்களிலும், அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் புழுதி படிந்த கிராமங்களிலும், குழந்தைக்குக் கண்ட ஜுரம் மூன்றாம் நாள் பாட்டியையும் ஐந்தாம் நாள் அண்டை வீட்டாரையும் பற்றுவது வருஷந்தோறும் நடக்கிற விஷயம். அந்த மாதத்துப் பௌர்ணமியன்றுதான் கங்கைகொண்ட சோழபுரத்தில் அன்னாபிஷேகம் காண ஜனசமுத்திரம் கூடுகிறது. தும்மலில் ஏறிப் பிரயாணம் செய்யும் வைரஸுக்கு இதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும்!

ஊரார் இதற்கு விஷக்காய்ச்சல் என்று பொதுப்பெயரிட்டு, மருந்துக்கடையில் நாலு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். சாதாரணச் சளி மூக்கில் தொடங்கி மெல்ல வருவது. இன்ஃப்ளூயன்ஸாவோ, காலையில் நன்றாயிருந்தவரை மாலைக்குள் கடும் ஜுரமும் உடல்வலியும் வறட்டிருமலுமாகக் கிடத்திவிடுவது. அதே மழைக்காலத்து டெங்குவில் இருமலும் சளியும் பொதுவாக மேலோங்குவதில்லை என்பது ஓர் அடையாளமேயன்றித் தீர்ப்பல்ல. அதற்கு ரத்தப் பரிசோதனைதான் வழி. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நினைவு மங்கல், உதடும் நகமும் நீலம் பாய்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் தாமதிக்கலாகாது. இன்ஃப்ளூயன்ஸாவுக்கான ஓசல்டாமிவிர் மருந்தை ஜுரம் கண்ட முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அதன் முழுப் பிரயோஜனம் கிட்டும். 2022 முதல் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குவதால், திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் ஓடவேண்டிய நிர்ப்பந்தம் முன்போல் இல்லை.

1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலோடு ஆசியக் காய்ச்சல் என்ற இன்ஃப்ளூயன்ஸா இந்தியாவுக்குள் இறங்கியது. 2009இல் பன்றிக் காய்ச்சல் என்று உலகமே நடுங்கிய வைரஸ் இன்று வருஷாந்தர விருந்தாளி. மேலுறையின் புரதங்களை அது ஓயாமல் மாற்றிக்கொள்வதால், தடுப்பூசியும் ஆண்டுதோறும் புதிதாகத் தயாராகிறது. போட்டுக்கொண்டபின் பலன் பிடிக்க இரண்டு வாரமாகும். ஆகவே ஐப்பசி மழைக்கு ஆவணியிலேயே போட்டுக்கொள்வது உசிதம். நோயே வராது என்று அது உத்தரவாதம் தருவதில்லை. கடுமையைக் குறைத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து பலரைக் காக்கிறது, அவ்வளவே. அதுவே பெரிதென்பது என் அபிப்பிராயம்.

ஆனால் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இதற்கு இடமில்லை. தனியாரிடம் ஆயிரம் ரூபாய்க்கு மேலாகிற ஓர் ஊசி, களையெடுக்கப் போகும் ஒருத்திக்குப் பல நாள் கூலி. எல்லோருக்கும் இலவசமாகப் போட அரசுக்குக் கட்டாது என்ற ஆட்சேபம் நியாயமானதே. எல்லோருக்கும் போடச் சொல்பவர் யார்? இந்தக் காய்ச்சலில் உயிருக்கு அபாயம் அதிகமுள்ளவர்கள் முதியோர், கர்ப்பிணிகள், சர்க்கரை வியாதிக்காரர்கள், நுரையீரலோ இருதயமோ பழுதுபட்டவர்கள். இவர்களைத் தேடிப் புதிதாகக் கணக்கெடுக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஏட்டில் சர்க்கரைக்காரர்களின் பெயரும் தெருவும் ஏற்கெனவே இருக்கின்றன, கர்ப்பிணிகளின் பட்டியல் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இருக்கிறது, குழந்தைகளுக்கான தடுப்பூசிகளைக் குளிர்ச்சியாய்க் காக்கும் பெட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது. ஊசி போடத் தெரிந்த கையும் அங்கேயே உண்டு.

ஆவணி மாதத்திலும் அந்தத் திட்டத்தின் தன்னார்வலப் பெண் வழக்கம்போல் ஆண்டிமடத்திலும் வேப்பந்தட்டையிலும் வீட்டுத் திண்ணையேறி வந்து உட்காருகிறார். அவர் பையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும், சர்க்கரை பார்க்கும் கருவியும், மாத்திரைகளும் இருக்கின்றன.