பட்டா நிலத்துக் காடு யாருக்குச் சுமை?

1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது, நிலம் கையைவிட்டுப் போகுமுன் மரத்தையாவது காசாக்கிவிடலாம் என்று ஜமீன்தார்கள் பலர் காட்டில் கோடரியை இறக்கினார்கள். அதைத் தடுக்க 1949-இல் சென்னை மாகாணம் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அனுமதியில்லாமல் காட்டை விற்கக் கூடாது, மரம் வெட்டக் கூடாது. 1996 டிசம்பரில் கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போனது: யார் பெயரில் பட்டா இருந்தாலும் காடு காடுதான். அந்த வழக்கைத் தொடுத்தவர் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். நீலகிரியின் கூடலூர்க் காடுகள் ஒருகாலத்தில் அந்தக் குடும்பத்தின் ஜன்ம நிலம், அதாவது பரம்பரை உரிமை நிலம்.

இந்தத் தடைகள் இல்லாவிட்டால் பல சரிவுகள் மொட்டையாகியிருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வெட்டாதே என்று சொல்லும் சட்டம், எதற்காக வளர்க்க வேண்டும் என்று நில உரிமையாளருக்குச் சொல்வதில்லை.

சந்தனத்தைப் பாருங்கள். முன்பு தன் தோட்டத்தில் தானாக முளைத்த மரத்தில்கூட விவசாயிக்கு உரிமை இருக்கவில்லை. திருடு போனால் விசாரணை மட்டும் அவரிடம். கன்று கண்ணில் பட்டதும் பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு, வேறென்ன செய்வார்கள்? கர்நாடகம் 2001-இலும் தமிழ்நாடு 2002-இலும் மரத்தை நிலத்துக்காரருக்கே உரிமையாக்கின. அதன் பிறகுதான் பட்டா நிலத்தில் சந்தனம் நடும் ஆர்வமே வந்தது. வெட்டுவதற்கும் விற்பதற்கும் இன்னமும் வனத்துறையிடம் போயாக வேண்டும் என்பது வேறு கதை.

குடகுக் காப்பித் தோட்டங்களில் இதன் மறுபக்கம் தெரிகிறது. ஈட்டி போன்ற நாட்டு மரங்களை வெட்ட ஆயிரம் கெடுபிடி. சில்வர் ஓக்கை வெட்டுவது எளிது. எனவே நிழலுக்கு சில்வர் ஓக்கே நடுகிறார்கள். பறவைக்கும் தேனீக்கும் இடம் கொடுத்த பலவகை மரங்கள் குறைந்து, தோட்டம் ஒரே மாதிரி ஆகிறது. மரத்தைக் காக்க வந்த விதியே அந்த மரத்தை வேண்டாததாக்கிவிட்டது.

வேறு வழியும் உண்டு. பின்லாந்தில் காடுகளில் பாதிக்கு மேல் தனியார் கையில் இருக்கின்றன. அங்கே 2008-இல் தொடங்கிய மெட்சோ திட்டத்தில், உரிமையாளரே தன் காட்டைப் பாதுகாப்புக்குத் தர முன்வரலாம். உயிரின வளம் இருந்தால் அரசு இழப்பீடு தருகிறது. நிரந்தரமாகவோ, குறிப்பிட்ட காலத்துக்கோ ஒப்பந்தம். கட்டாயம் கிடையாது.

இதை அப்படியே இங்கே நட முடியாது. கூடலூரில் நிலம் யாருடையது என்ற வழக்கே தீரவில்லை. அங்கே யாருக்குப் பணம் கொடுப்பது? சேர்வராயன் மலையில் பட்டாச் சிக்கல் இல்லாத காப்பித் தோட்டங்களில் தொடங்கலாம்: நாட்டு நிழல் மரங்களை நிற்கவிடுபவருக்கு, பத்தாண்டு ஒப்பந்தத்தில், ஏக்கருக்கு இவ்வளவு என்று.