இணை உணவுக்கு முக அடையாளத்தைக் கட்டாயமாக்காதீர்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் நிர்வாகிகள்,
அங்கன்வாடிப் பணியாளர்கள், உதவியாளர்கள் சங்கம் (மாவட்டக் கிளை).

பெறுநர்:
1. செயலாளர் அவர்கள், மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம், புதுதில்லி.
2. இயக்குநர் அவர்கள், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், சென்னை.

வழி: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பொருள்: கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகளுக்கான இணை உணவு வழங்கலில் முக அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியதைத் திரும்பப் பெறக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் பொன்விழா கண்டுவிட்டது. தமிழ்நாட்டில் 54,439 மையங்களில் இப்பணி நடந்துவருகிறது. சத்துமாவு வாங்க வரும் தாயை எங்கள் ஊழியர்கள் பெயர் சொல்லி அழைப்பார்கள். அவர் வீட்டையும் அறிவார்கள். பிள்ளையின் எடையையும் மாதந்தோறும் எழுதிவைப்பார்கள். இப்போது அந்தத் தாய் யார் என்பதைக் கைப்பேசிதான் சொல்ல வேண்டும் என்ற நிலை வந்திருக்கிறது.

2021 மார்ச்சில் அறிமுகமான போஷன் டிராக்கர் செயலியில், வீட்டுக்கு எடுத்துச்செல்லும் உணவுக்கு முக அடையாளச் சரிபார்ப்பு 2025 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. முதலில் ஆதார் வழி கே.ஒய்.சி. முடிக்க வேண்டும். பிறகு உணவு கொடுக்கும்போது முகத்தைப் படம் பிடித்துப் பொருத்திப் பார்க்க வேண்டும். உரியவருக்கே உணவு சேர வேண்டும் என்பது அரசின் நோக்கம். அந்த நோக்கத்தில் எங்களுக்கு மாறுபாடு இல்லை. ஆனால் இந்த வழிமுறை உரியவரையே வெறுங்கையோடு திருப்பி அனுப்ப இடம் தருகிறது.

மையத்தில் நடப்பது இதுதான். ஆதார் அட்டையில் இருப்பது பள்ளிக்கூட வயதில் எடுத்த படம். எதிரே நிற்பவர் எட்டு மாதக் கர்ப்பிணி. முகம் வீங்கியிருக்கிறது, இடுப்பில் மூத்த பிள்ளை அழுகிறது. "கண்ணைச் சிமிட்டுங்க, வெளிச்சத்துக்கு வாங்க" என்று ஊழியர் திரும்பத் திரும்பச் சொல்கிறார், படம் பொருந்துவதில்லை. ஆதாரோடு இணைந்த எண் கணவருடையது. அவர் வெளியூரில் லாரி ஓட்டுகிறார். ஓ.டி.பி. கேட்டு அவரை அழைத்துப் பேசி முடிப்பதற்குள் அதன் நேரம் கடந்துவிடுகிறது. வளைகாப்பு முடிந்து தாய்வீடு போன பெண்ணுக்காக மாமியார் பையோடு வந்தால், அவர் முகத்தை எதனோடு பொருத்துவது? சிக்னல் கிடைக்காத மலைக் கிராமங்களில் இவ்வளவு தூரம்கூட வேலை நகர்வதில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டிய நேரத்தில் அந்தப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். வகுப்பறையில் பிள்ளைகளோடு இருக்க வேண்டிய ஊழியர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார். ஏச்சும் அவருக்குத்தான் வருகிறது.

இந்த உணவு சலுகை அல்ல. கர்ப்பிணிக்கும், பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை தாய்க்கும், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையான குழந்தைக்கும் இதை இலவசமாக வழங்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4, 5-ஆம் பிரிவுகள் சொல்கின்றன. ஆதார் எண்ணைக் காட்ட இயலவில்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் திட்டப் பயனை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26-இல் தீர்ப்பளித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டிலேயே ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகக் கூறிவிட்டனர். கருவுற்ற பெண்ணின் முகத்தைத் தரவாக மாற்றினால்தான் அவருக்கு மாவு என்பது இத்தீர்ப்புகளின் உணர்வுக்கு எதிரானது.

இத்தொழில்நுட்பத்தை விற்கும் உலகச் சந்தையே அதைக் குறித்துத் தயங்கி நின்றிருக்கிறது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019-இல் 189 மென்பொருள்களைச் சோதித்தது. ஒருவரை வேறொருவராக எடுத்துக்கொள்ளும் பிழை ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாக இருப்பதைக் கண்டது. 2020-இல் ஐ.பி.எம். நிறுவனம் பொதுப் பயன்பாட்டு முக அடையாள மென்பொருள் விற்பனையைக் கைவிட்டது. 2021-இல் ஃபேஸ்புக் தான் சேர்த்த நூறு கோடிக்கும் அதிகமானோரின் முகத் தரவை அழிப்பதாக அறிவித்தது. வசதி படைத்த பயனாளர்களுக்கே ஆபத்து என்று கருதப்பட்ட ஒன்றை, மறுக்கும் வலு இல்லாத ஏழைத் தாய்மார்கள் மீது கட்டாயமாகச் சுமத்துவது நியாயமில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு அமைப்புகளுக்குப் பல விலக்குகளை அளித்துள்ளதால், எங்கள் கவலை மேலும் கூடுகிறது.

செலவுக் கணக்கும் முக்கியம். குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய், கர்ப்பிணி மற்றும் பாலூட்டும் தாய்க்கு 9 ரூபாய் 50 காசு என்று 2017-இல் நிர்ணயித்தார்கள். இத்தொகை உயர்த்தப்படும் என்று 2025 பிப்ரவரி 1 பட்ஜெட் உரையில் அறிவிக்கப்பட்டது. கண்காணிப்புக்குக் காட்டும் அக்கறையை உணவின் அளவுக்கும் தரத்துக்கும் காட்ட வேண்டும்.

எனவே எங்கள் கோரிக்கைகள்:

1. இணை உணவு பெற முக அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம் என்ற உத்தரவைத் திரும்பப் பெற வேண்டும். அதுவரை படம் பொருந்தாவிட்டாலும், ஓ.டி.பி. வராவிட்டாலும், பதிவேட்டில் கையொப்பம் அல்லது கைரேகை பெற்று அன்றே உணவு வழங்க எழுத்துப்பூர்வ ஆணை பிறப்பிக்க வேண்டும்.

2. தாய்வீடு சென்றோர், நோயுற்றோர், புலம்பெயர்ந்து வேலை செய்வோர் ஆகியோருக்காகக் குடும்பத்தினர் உணவு பெற்றுச்செல்ல அனுமதிக்க வேண்டும்.

3. இதுவரை சேர்த்த முகப்படங்கள் எங்கே, எவ்வளவு காலம் வைக்கப்படும், யாருடன் பகிரப்படும் என்பதை அறிவிக்க வேண்டும். காவல் துறை உள்ளிட்ட வேறெந்தத் துறைக்கும் தரமாட்டோம் என்று உறுதியளிக்க வேண்டும். விரும்பாதோரின் படங்களை அழிக்க வேண்டும்.

4. மென்பொருளை உருவாக்கியோர் யார், ஒப்பந்தச் செலவு என்ன, மாவட்டவாரியாக எத்தனை பேருக்குப் பொருத்தம் தோற்றது என்ற விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி தாமாகவே வெளியிட வேண்டும்.

5. செயலிப் பதிவு குறைந்ததற்காக ஊழியர்களுக்கு மெமோ கொடுப்பதையும், ஊதியத்தில் கை வைப்பதையும் நிறுத்த வேண்டும். பணிக்குத் தரமான கைப்பேசியும் முழு டேட்டா கட்டணமும் அரசே வழங்க வேண்டும்.

6. உணவுக்கான தொகையை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். முறைகேட்டைத் தடுக்கக் கிராம சபையில் சமூகத் தணிக்கை நடத்த வேண்டும். அதற்கு எங்கள் பதிவேடுகளைத் திறந்து காட்ட நாங்கள் தயார்.

இக்கோரிக்கைகள் மீது சங்கப் பிரதிநிதிகளை அழைத்துப் பேசி, எடுத்த நடவடிக்கையை 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். தவறினால் ஜனநாயக வழியில் போராடுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், பொருளாளர்.

இணைப்பு: மையவாரியாகத் திரட்டிய தாய்மார்களின் கையொப்பப் படிவங்கள்.